வாய் திறந்தால் என்ன நடக்கும்? வேலையிடத்தில் உளவியல் பாதுகாப்பு: ஓர் எளிய விளக்கம்

திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான் சிப்காட்டில் ஏதோ ஒரு ஆலையின் பயிற்சி வகுப்பானாலும் சரி, வண்ணார்பேட்டையில் பத்துப் பேர் வேலை பார்க்கும் ஆபீஸானாலும் சரி, இப்போதெல்லாம் யாராவது ஒருவர் ‘உளவியல் பாதுகாப்பு’ என்று சொல்லிவிடுகிறார். கேட்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள். வெளியே வந்து டீ குடிக்கும்போது விசாரித்தால் ஆளுக்கொரு அர்த்தம் வைத்திருக்கிறார்கள். முதலாளி திட்டக் கூடாது என்பதுதான் அது என்கிறார் ஒருவர். வேலை நிரந்தரம் என்கிறார் இன்னொருவர். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவது, வருஷத்துக்கு ஒருதரம் குற்றாலம் கூட்டிப்போவது என்று நினைப்பவர்களும் உண்டு. சூப்பர்வைசர்களுக்கோ வேறு கவலை: இனிமேல் யாரையும் ஒரு வார்த்தை கேட்க முடியாது போலிருக்கிறதே!

இந்த நாலில் ஒன்றுகூடச் சரியில்லை. தப்பாகப் புரிந்துகொண்டு தப்பாகவே செய்து பார்த்துவிட்டு, ‘இதெல்லாம் நம்ம ஊருக்குச் சரிப்படாது’ என்று கைவிடுகிறார்களே, அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஏனென்றால் விஷயம் உண்மையில் சின்னது, யாருக்கும் புரியக்கூடியது.

ஆக்குப்புரையில் ஒரு நிமிஷம்

நம்ம பக்கத்துக் கல்யாணத்தில் மறுநாள் சாப்பாட்டுக்கு ஆக்குப்புரையில், அதாவது சமையல் கொட்டகையில், சொதி என்ற தேங்காய்ப்பால் குழம்பு வைப்பார்கள். தேங்காயை மூன்று தடவை பிழிந்து, மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காயை வேகவைத்து, கெட்டியான முதல் பாலைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். ஊற்றியபிறகு கொதிக்கவே கூடாது, கொதித்தால் திரிந்துபோகும். இப்போது அடுப்பில் தீ இன்னும் தணியவில்லை. தலைமைச் சமையல்காரரான தவசிப்பிள்ளை யாரிடமோ பந்திக் கணக்குப் பேசிக்கொண்டே முதல் பால் பாத்திரத்தைக் கையில் எடுக்கிறார். பக்கத்தில் தேங்காய் பிழிந்துகொண்டிருந்த பையன் தீயைப் பார்க்கிறான். அவனுக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

அந்தக் கணத்தில் அவன் தலைக்குள் ஓடுவதைக் கவனியுங்கள். சொன்னால் நாலு பேர் முன்னால் ‘எனக்கே சொல்லித் தாரியாலே’ என்று கேட்டுவிடுவாரோ? ஒருவேளை அவர் தெரிந்தேதான் ஊற்றுகிறாரோ, நமக்குத்தான் விவரம் பத்தாதோ? போன கல்யாணத்தில் உப்பைப் பற்றி வாய் திறந்த பையனுக்கு என்ன கிடைத்தது? இவ்வளவும் ஒரு நொடியில் முடிந்துவிடும். பையன் குனிந்து தேங்காயைப் பிழிகிறான். சொதி திரிகிறது.

அவன் சோம்பேறி என்றோ அக்கறை இல்லாதவன் என்றோ சொல்ல முடியாது. அவன் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அவன் போட்ட கணக்கு சரிதான். அந்தக் கணக்கு ஏன் அப்படி வந்தது, அதை எப்படி மாற்றுவது என்பதுதான் முழு விஷயமும்.

அப்படியென்றால் என்ன?

இதை ஆராய்ச்சியாக நிலைநிறுத்தியவர் ஹார்வர்ட் வணிகப் பள்ளிப் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன். அவருக்கு முன்பும் சிலர் இதைத் தொட்டிருக்கிறார்கள். ஆனால் குழுக்களை அளந்து பார்த்து அவர் 1999-ல் வெளியிட்ட கட்டுரைதான் பலருக்கும் தொடக்கப்புள்ளி. அவர் சொல்வதை நம் நடையில் சொன்னால், உளவியல் பாதுகாப்பு என்பது ஒரு குழுவில் இருப்பவர்கள் பொதுவாக வைத்திருக்கும் ஒரு நம்பிக்கை: இங்கே சந்தேகம் கேட்டாலோ, உதவி கேட்டாலோ, செய்த தப்பை ஒத்துக்கொண்டாலோ, ‘இது சரியாகப் படவில்லை’ என்று சொன்னாலோ, அதற்காக நம்மை அவமானப்படுத்த மாட்டார்கள், பழிவாங்க மாட்டார்கள்.

இதில் ‘நம்பிக்கை’ என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். விதி வேறு, நம்பிக்கை வேறு. கடைகளில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் சட்டத்தையே திருத்தியது. நல்ல சட்டம், ரொம்ப நாள் முன்பே வந்திருக்க வேண்டிய சட்டம். ஆனால் ஒரு ஜவுளிக்கடையில் ஸ்டூல் கிடக்கிறது என்பதும், கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் சேலைப் பிரிவில் நிற்கும் பெண் அதில் உட்காருகிறாள் என்பதும் வேறுவேறு. முதல் நாள் உட்கார்ந்த பெண்ணை மேனேஜர் எப்படிப் பார்த்தார் என்பதை மற்ற எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதற்குப்பிறகு அந்த ஸ்டூல் மடித்த சேலை வைக்கத்தான் பயன்படும். சட்டம் இருக்கைக்கு வழி செய்தது. உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையை அந்த மேனேஜரின் கண்தான் கொடுக்கவோ கெடுக்கவோ முடியும்.

அடுத்தது ‘குழு’. ஒரே நிறுவனத்தில், ஒரே கூரைக்கு அடியில், கணக்குப் பிரிவில் எல்லோரும் தாராளமாகப் பேசுவார்கள், குடோனில் ஊசி விழுந்தால் கேட்கும். ஆளின் சுபாவம் மட்டும் காரணமாக இருந்தால் இப்படி நடக்காது. குடோனில் வாய் திறக்காத அதே பையனைக் கணக்குப் பிரிவுக்கு மாற்றிப் பாருங்கள், கொஞ்ச நாளில் பேச ஆரம்பித்துவிடுவான்.

பயம் எதைப் பற்றியது என்பதையும் எட்மண்ட்சன் நாலாகப் பிரிக்கிறார். கேள்வி கேட்டால் கூறில்லாதவன் என்பார்களோ, தப்பை ஒத்துக்கொண்டால் கையாலாகாதவன் என்பார்களோ, யோசனை சொன்னால் அதிகப்பிரசங்கி என்பார்களோ, குறையைச் சொன்னால் எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்பவன் என்பார்களோ. இந்த நாலு பட்டத்தில் ஒன்றையாவது வாங்காமல் நம்ம ஊரில் வேலை கற்றுக்கொண்டவர்கள் குறைவு.

இதுவரை சொன்னதைச் சுருக்கிக்கொள்வோம். உளவியல் பாதுகாப்பு ஒரு குழுவின் பொது நம்பிக்கை. அது சலுகையோ வசதியோ கிடையாது. வாய் திறந்தால் மானம் போகுமா போகாதா என்பதைப் பற்றியது.

தப்பு அதிகமாகத் தெரிந்த நல்ல வார்டுகள்

எட்மண்ட்சன் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த விதமே நல்ல பாடம். 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராயும் குழுவில் அவர் இருந்தார். நல்ல ஒற்றுமையும் நல்ல தலைமையும் உள்ள வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு. யாரும் அப்படித்தானே நினைப்போம். எண்களைப் பார்த்தால் தலைகீழாக இருந்தது: நல்ல குழுக்களில் பதிவான தவறுகள் அதிகம்!

நல்ல நர்ஸுகள் அதிகமாகத் தப்புச் செய்வார்களா? அவர் யோசித்து, வார்டு வார்டாக எப்படி வேலை நடக்கிறது என்று பார்க்கச் செய்தபோதுதான் விளங்கியது. நல்ல வார்டுகளில் தப்பு நடந்தால் வெளியே சொன்னார்கள், பேசினார்கள், அடுத்த முறை நடக்காமல் இருக்க வழி தேடினார்கள். மற்ற வார்டுகளில் தலைமை நர்ஸின் முகத்துக்குப் பயந்து மறைத்தார்கள். பதிவேட்டில் இருந்தது நடந்த தப்புகளின் எண்ணிக்கை மட்டும் இல்லை, சொல்லத் துணிந்த தப்புகளின் எண்ணிக்கை. 1996-ல் இது வெளியானது.

இதை நினைக்கும்போதெல்லாம் ‘எங்க யூனிட்ல போன வருஷம் ஒரு குறைகூட பதிவாகல’ என்று பெருமையாகச் சொல்பவர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அந்தச் சுத்தமான பதிவேட்டைப் பார்த்தால் எனக்குக் கலக்கமாகத்தான் இருக்கிறது.

மௌனம் ஏன் எப்போதும் ஜெயிக்கிறது

இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பேசுவதற்கும் பேசாமல் இருப்பதற்கும் லாப நஷ்டக் கணக்குப் போட்டால் தராசு முதலிலிருந்தே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பேசாமல் இருந்தால் கிடைக்கும் லாபம் உடனே கிடைக்கும், நிச்சயமாகக் கிடைக்கும், எனக்கே கிடைக்கும்: இன்றைக்கு நான் திட்டு வாங்கவில்லை. பேசினால் வரும் லாபம் எப்போதோ வரலாம், வராமலும் போகலாம், வந்தாலும் நிறுவனத்துக்கோ வாடிக்கையாளருக்கோ நோயாளிக்கோதான் போய்ச் சேரும். அதனால் பயமுறுத்த யாருமே இல்லாத இடத்தில்கூட மனிதர்கள் பேசாமல் இருப்பதுதான் இயல்பு. ‘நான் யாரையும் மிரட்டுவதில்லையே, அப்புறம் ஏன் சொல்ல மாட்டேங்கிறாங்க’ என்று கேட்கும் நல்ல முதலாளிகளுக்கு இதுதான் பதில். மிரட்டாமல் இருப்பது போதாது, சாய்ந்திருக்கும் தராசை மறுபக்கம் இழுக்க வேண்டும்.

இன்னொன்று, இந்தக் கணக்கை ஆட்கள் அடுத்தவர் அனுபவத்தை வைத்தே போடுகிறார்கள். ஒருவன் வாங்கிக்கட்டிக்கொண்டதைப் பார்த்துப் பத்துப் பேர் கற்றுக்கொள்வார்கள், அதற்குப்பிறகு வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதை சொல்லப்படும். ஒரு தடவை கெட்டது சரியாக ரொம்ப நாள் ஆவது இதனால்தான்.

படிப்பும் அனுபவமும் இருந்தால் இது நடக்காது என்று நினைக்க வேண்டாம். 1977 மார்ச் 27 அன்று கேனரி தீவுகளில் உள்ள டெனெரிஃபே விமான நிலையத்தில் கடும் மூடுபனி. நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனத்து ஜம்போ விமானம் ஓடுபாதையில் புறப்பட வேகமெடுக்கிறது. அதே ஓடுபாதையில் எதிரே பான் அமெரிக்கன் விமானம் வந்துகொண்டிருக்கிறது. பான் அமெரிக்கன் இன்னும் விலகவில்லையோ என்று கே.எல்.எம். விமானப் பொறியாளருக்குச் சந்தேகம் வந்து கேட்கிறார். தலைமை விமானி அந்த நிறுவனத்தின் மிக மூத்த விமானிகளில் ஒருவர், மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். விலகிவிட்டது என்று அவர் அழுத்திச் சொன்னதும் பொறியாளர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. 583 பேர் செத்துப்போனார்கள். ரேடியோவில் பேச்சு சரியாகக் கேட்காதது உட்படக் காரணங்கள் பல உண்டு. ஆனால் கடைசிக் கணத்தில் ஒரு சந்தேகம் அந்த அறைக்குள்ளேயே இருந்தது, அது மூத்தவரின் ஒரு வார்த்தையில் அடங்கிவிட்டது. இதுபோன்ற விபத்துகளை வைத்துத்தான் 1979-ல் நாசா ஒரு பட்டறை நடத்தியது. இளையவர் வற்புறுத்திச் சொல்லவும் மூத்தவர் காதுகொடுத்துக் கேட்கவும் விமானக் குழுவினருக்குப் பயிற்சி தரும் முறை அதிலிருந்து வளர்ந்தது.

கூகுள் நிறுவனமும் 2012-ல் தொடங்கித் தன் குழுக்களை, சுமார் 180 குழுக்களை, ஆராய்ந்து பார்த்தது. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்பதுதான் முக்கியம் என்றும், அதில் உளவியல் பாதுகாப்பு முதலிடம் என்றும் கண்டது. இந்தச் சொல் இவ்வளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆக, மௌனத்துக்கு எப்போதும் இயற்கையான சாதகம் உண்டு. பேச்சுக்கு யாராவது கைகொடுத்தால்தான் பேச்சு வரும்.

‘எங்க கடை குடும்பம் மாதிரி’

நம்ம ஊரில் அதிகம் கேட்கும் தப்பான புரிதல் இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அண்ணாச்சி நல்ல மனுஷன். தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுக்கிறார், பையன் காலேஜ் பீஸுக்கு அட்வான்ஸ் தருகிறார், உடம்பு சரியில்லை என்றால் தானே ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார். இதெல்லாம் உண்மையான பாசம், குறைத்துப் பேசவே மாட்டேன். ஆனால் அதே அண்ணாச்சியிடம் போய் ‘அண்ணாச்சி, நீங்க நேத்து எடுத்த கொள்முதல் ரேட் தப்பு’ என்று சொல்ல அந்தக் கடையில் எத்தனை பேரால் முடியும்?

குடும்பத்தில் பெரியவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசக் கூடாது என்றுதானே வளர்க்கிறோம். அதனால் குடும்பம் மாதிரி என்று சொல்லும் இடங்களில் பேசுவது சில நேரம் இன்னும் கஷ்டம். பயத்தோடு நன்றிக்கடனும் சேர்ந்து வாயை அடைக்கும். பாசம் இருக்கட்டும். அது இருப்பதால் உளவியல் பாதுகாப்பும் இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘தம்பிக்கு எந்த ஊரு, எந்தத் தெரு’ என்று கேட்டுச் சாதியை எடைபோட்டுப் பார்க்கும் வழக்கம் நம் வேலையிடங்களில் இன்னும் போகவில்லை. அப்படி எடைபோடப்பட்டவர், பெண்கள், ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர், பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த தொழிலாளி, இவர்கள் எல்லோருக்கும் ஒரே வார்த்தையைச் சொல்ல ஆகும் விலை அதிகம். பாதுகாப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டுப் பயனில்லை, இவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சூப்பர்வைசர்களின் கவலைக்கு வருகிறேன். வேலையில் கறாராக இருப்பதும், பேச இடம் கொடுப்பதும் தனித்தனி விஷயங்கள். இரண்டும் இல்லாத இடத்தில் ஆட்கள் கடனுக்கு வந்துபோவார்கள். பேச இடம் மட்டும் இருந்து கறார் இல்லாவிட்டால் அரட்டையும் சொகுசும்தான் மிஞ்சும். கறார் மட்டும் இருந்தால் பயமும் மறைப்பும். இதுதான் மிக ஆபத்தானது, ஏனென்றால் வெளியே பார்க்க ஒழுங்காகத் தெரியும். இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் ஆட்கள் கற்றுக்கொள்கிறார்கள். அதனால் தாமதமாக வந்தால் கேட்கலாம், வேலை மோசமாக இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம், வேண்டுமென்றே கணக்கைத் திரித்தவர்மீதும் குடித்துவிட்டு மெஷினில் நின்றவர்மீதும் நடவடிக்கை எடுக்கத்தான் வேண்டும். தப்பைத் தானே வந்து சொன்னவரையும் மறைத்தவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எப்படி வளர்ப்பது

மேலே இருப்பவர் செய்ய வேண்டியவை மூன்று என்று எட்மண்ட்சன் சொல்கிறார்: வேலையின் தன்மையை முன்கூட்டியே சொல்வது, கேட்பது, வந்த பதிலுக்குச் சரியாக நடந்துகொள்வது.

முதலாவது சுலபம். ‘இது புது ஆர்டர், இதுவரை யாரும் செய்ததில்லை, எனக்கும் எல்லாம் தெரியாது, அதனால கண்ணுல பட்டதைச் சொல்லுங்க’ என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது. தனக்குத் தெரியாது என்று மூத்தவர் சொன்னால் மரியாதை குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். குறையாது.

இரண்டாவது, கேட்கும் விதம். ‘யாருக்காவது சந்தேகம் இருக்கா’ என்று கேட்டால் ‘இல்ல சார்’ என்பதைத் தவிர வேறு பதில் வராது. ‘இதுல எது சொதப்ப வாய்ப்பு இருக்கு, ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க’ என்று கேட்டுப் பாருங்கள்; இப்போது ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் சங்கடம். வயதிலும் பதவியிலும் சின்னவரிடமிருந்து தொடங்க வேண்டும். அண்ணாச்சி முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் சொல்வதெல்லாம் அதற்கு ஆமாம் போடுவதாகத்தான் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் அறுவைச் சிகிச்சைக்குக் கொடுத்திருக்கும் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன்பு அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி உண்டு. ஒரு தடவை வாய் திறந்தவர் இரண்டாவது தடவை திறப்பது சுலபம். டொயோட்டா ஆலைகளில் எந்தத் தொழிலாளியும் பழுதைக் கண்டால் இழுக்கும்படி தலைக்கு மேலே ஒரு கயிறு வைத்தார்களே, அதுவும் இப்படித்தான். சொல்வதையே வேலையின் ஒரு பகுதியாக ஆக்கிவிட்டார்கள்.

மூன்றாவதில்தான் எல்லாம் இருக்கிறது. பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைப் பராமரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வைகாசியில் காற்று பிடித்துவிட்டால் புரட்டாசி வரை ஒவ்வொரு மணி நேரமும் காசு. ஒரு காத்தாடி நின்றுபோய், ஒரு பையன் மேலே ஏறி போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் முறுக்கிக்கொண்டிருக்கிறான். முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டிலும் மார்க்கரால் ஒரு கோடு போட வேண்டும். எல்லாம் முடிந்து சாமானை எடுத்து வைக்கும்போது ஒரு போல்ட்டில் மட்டும் கோடு இல்லை. முறுக்கிவிட்டுக் கோடு போட மறந்தானா, முறுக்கவே இல்லையா, அவனுக்கே நிச்சயமில்லை. கீழேயிருந்து ‘எப்ப ஓடும்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு கோட்டை இழுத்துவிட்டு இறங்கினால் யாருக்கும் தெரியாது.

அவன் வாக்கிடாக்கியை எடுத்து, ‘அண்ணே, ஒரு போல்ட்டுல கோடு இல்ல, முறுக்குனேனான்னு ஞாபகம் இல்ல’ என்கிறான். அடுத்துக் கீழே நிற்பவர் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம்தான் அந்தக் குழுவின் எதிர்காலம். ‘கோட்டிப்பயலே, இவ்வளவு நேரம் என்னலே பண்ணுன’ என்று வந்தால் அடுத்த முறை கோடு மட்டும் தவறாமல் இருக்கும். ‘சரி, சொன்னது நல்லது. எந்தப் போல்ட்டு? நிதானமா மறுபடி முறுக்கிட்டு இறங்கு, நான் ஆபீஸ்ல சொல்லிக்கிடுதேன்’ என்று வந்தால் அந்தப் பையன் மட்டுமல்ல, பக்கத்தில் நின்று கேட்ட எல்லோருமே ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள். ஏன் கோடு விட்டுப்போனது என்பதை மறுநாள் உட்கார்ந்து பேசலாம், பேசத்தான் வேண்டும். ஆனால் முதலில் நன்றி, அப்புறம் வேலை, கடைசியில் விசாரணை. இந்த வரிசை மாறக் கூடாது. கோபம் வரும், எல்லோருக்கும் வரும். அந்தச் சில நொடியை மட்டும் அடக்கப் பழகுவதுதான் மேலே இருப்பவருக்கு உள்ள உண்மையான பயிற்சி.

கீழே இருப்பவர் என்ன செய்யலாம்

பொறுப்பு மேலே இருப்பவருடையதுதான். தைரியமாகப் பேசு என்று சம்பளத்துக்கு நிற்பவனைத் தள்ளிவிடுவது நியாயமில்லை. இருந்தாலும் சில வழிகள் உண்டு: ஆளைச் சொல்லாமல் வேலையைச் சொல்வது, பலர் முன்னால் வேண்டாம் என்றால் தனியாகச் சொல்வது, உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் வாய் திறக்கும்போது ‘ஆமா, நானும் பார்த்தேன்’ என்று கூட நிற்பது. கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். தனியாளாகச் சொல்பவரை அடக்குவது சுலபம், இரண்டாவது குரல் வந்துவிட்டால் கேட்டே ஆக வேண்டியிருக்கும்.

வளர்கிறதா என்று எப்படித் தெரியும்

எட்மண்ட்சனின் கேள்வித்தாளில் இருப்பவை எளிமையான கேள்விகள்தான். இந்தக் குழுவில் தப்புச் செய்தால் அதையே பிடித்துக்கொண்டு தொங்குவார்களா? கடினமான விஷயங்களை எழுப்ப முடிகிறதா? மற்றவர்களிடம் உதவி கேட்பது கஷ்டமாக இருக்கிறதா? பெயர் எழுதாமல் பதில் வாங்கிப் பாருங்கள்.

ஆரம்பத்தில் குறைகளின் எண்ணிக்கை கூடும், அதைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. தப்பு அதிகமாகவில்லை, ஒளிந்திருந்தது வெளியே வருகிறது. இந்தக் கட்டத்தில்தான் பலர் பின்வாங்குகிறார்கள். இங்கே இன்னொரு வேலையும் விட்டுப்போகிறது: சொன்னவரிடம் திரும்பிப் போய், ‘நீ சொன்னதை வச்சு இதை மாத்தியிருக்கோம்’ என்று சொல்வது. மாற்ற முடியவில்லை என்றால் அதையும், ஏன் முடியவில்லை என்பதையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். திட்டு வாங்கியதால் வாய் மூடியவர்கள் ஒரு பக்கம் என்றால், சொல்லிச் சொல்லி ஒன்றும் நடக்காததால் வாய் மூடியவர்கள் இன்னொரு பக்கம். இவர்களை மறுபடி பேசவைக்க நன்றி மட்டும் பத்தாது, அவர்கள் சொன்ன ஒன்றாவது நடந்திருக்க வேண்டும்.